62 மதிப்பெண்ணும் ஒரு தோழியும்

கேள்வி: துரைப்பாக்கத்தில் ஒரு நிறுவனத்தில் வீடியோ கேம் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் மூன்று ஆண்டுகள் சாட்டில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதங்களாகத் தர ஆய்வாளர். என்னோடு பயிற்சி முடித்த தோழியின் ஒரு சாட்டுக்குப் போன வாரம் நூற்றுக்கு 62 போட்டேன். அன்று முதல் கேண்டீனில் வேறு மேஜை தேடுகிறாள். டீம் லீடரோ இன்னும் கறாராக இருக்கச் சொல்கிறார். அந்த சாட்டையும் மதிப்பெண் கணக்கையும் பெயர்களை நீக்கி எழுதி அனுப்பியிருக்கிறேன். நான் செய்தது தவறா?
– வாசகி, மேடவாக்கம்

பதில்: இரண்டு முறை படித்தேன். பெயர் சொல்லி வணக்கம் வைக்காததற்கு 10, ‘வேறு உதவி வேண்டுமா’ என்று கேட்காததற்கு 10, ஆட்டக்காரர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்ததற்கு 18. ஆக 38 போயிற்று.

அந்தப் பதினெட்டை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆட்டக்காரர் கேட்டது, விளையாட்டுக்குக் கொடுத்த பணத்தைத் திரும்ப. ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கிய விளையாட்டுக்கு, 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம் என்பது விதி. கேட்க வேண்டியதும் ஸ்டீமிடம்தான். இவர் ஆடியது ஆறு மணி நேரம். உங்கள் தோழி இரண்டையும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். ஆட்டக்காரருக்கு விதியின் மேல் கோபம். நீங்கள் வெட்டியது அவள் மதிப்பெண்ணை.

ஆனால் அவள் பக்கம் தவறே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். மூன்றாவது வரியைப் பாருங்கள். ‘இரண்டாம் கட்டம் வந்ததும் ஒவ்வொரு முறையும் அப்படியே நின்றுவிடுகிறது’ என்கிறார். அந்த ஆறு மணி நேரத்தில் பாதி, மூடித் திறந்து பார்த்ததிலேயே போயிருக்கும்! என்ன கணினி, என்ன பிழைச் செய்தி என்று கேட்டுத் தொழில்நுட்பப் பிரிவுக்கு டிக்கெட், அதாவது புகார்ப் பதிவு, போட்டிருக்க வேண்டும். அவள் ஆயத்தப் பதிலை ஒட்டிவிட்டாள். உங்கள் மதிப்பெண் தாளில் இதற்குக் கட்டமே இல்லை. வணக்கத்துக்கு மட்டும் கட்டம் இருக்கிறது.

பெருங்குடியில் நானும் உங்கள் நாற்காலியில் இருந்தவள். ஒரு பையனைக் கண்ணாடி அறைக்குள் அழைத்து 14 குறைகளை ஒரே மூச்சில் வாசித்தேன். பதினான்குக்கும் தலையாட்டினான். மறுநாள் பதினான்கும் திரும்ப வந்தன. பிறகு முறையை மாற்றினேன். மதிப்பெண்ணை மறைத்துவிட்டு, “நீயே படித்துப் போடு” என்று சாட்டை முன்னால் வைப்பேன். பெரும்பாலும் என்னைவிடக் குறைவாகவே போட்டுக்கொள்வார்கள். ஒரு அமர்வுக்கு ஒரு குறை, அவ்வளவுதான். தோழியிடம் அந்த மூன்றாவது வரியை மட்டும் பேசுங்கள்.

பதினெட்டைத் திரும்பக் கொடுங்கள், எழுத்தில் காரணம் சொல்லி. டீம் லீடருக்கு ஒரு யோசனை: இதே சாட்டுக்கு அவரும் நீங்களும் இன்னொரு ஆய்வாளரும் தனித்தனியே மதிப்பெண் போட்டு ஒப்பிடுங்கள். கேலிபரேஷன் என்று அதற்குத்தான் பெயர். உங்கள் அலுவலகத்தில் காலண்டரில் மட்டும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கேண்டீன் மேஜைக்கு என்னிடம் மருந்து இல்லை. நீங்கள் போய் அவள் மேஜையில் உட்காரலாமே?

கேள்வி: இரவெல்லாம் கேம் ஆடும் என் மகன், “இந்த அனுபவத்துக்கே உதவிப் பிரிவில் வேலை கிடைக்கும்” என்கிறான். உண்மையா?
– வாசகர், வில்லிவாக்கம்

பதில்: கொஞ்சம் உதவும். ஆனால் அங்கே அவன் ஆட மாட்டான். தோற்றவர்களின் வசவுக்கு ஷிஃப்ட் முழுக்கப் பணிவாகப் பதில் தட்டச்சு செய்வான். விடிய விடிய ஆடியதற்கு உங்களிடம் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில், பிழையில்லாமல், ஐந்து நிமிடத்தில்.