கோப்பு கணினிக்கு வந்தும் ஏன் நகரவில்லை?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் கொள்முதல் வேலை முழுக்கக் கணினிக்கு மாறி ஒரு வருடமாகிறது. ஆனாலும் ஒரு ஒப்புதலுக்கு அதே பத்து நாள். மென்பொருள் சரியில்லையா?

பதில்: மென்பொருளைத் திட்டாதீர்கள், பாவம். ஐந்து மேசை சுற்றிய கோப்பை ஐந்து திரை சுற்ற விட்டிருப்பீர்கள்.

1990-இல் மேலாண்மை அறிஞர் மைக்கேல் ஹாமர் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் இந்தக் கதையைத்தான் எழுதினார். கார் நிறுவனமான ஃபோர்டின் வட அமெரிக்கப் பிரிவில், சரக்கு தந்தவர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்ய மட்டும் 500 பேருக்கு மேல். ஜப்பானியக் கார் நிறுவனமான மாஸ்டாவில் 5 பேர்! (மாஸ்டா சிறியது என்று கழித்துப் பார்த்தாலும் கணக்கு உதைத்தது.) ஃபோர்டில் ஆர்டர், சரக்கு ரசீது, இன்வாய்ஸ் மூன்றிலும் 14 விவரங்கள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாததைத் துரத்துவதிலேயே பொழுது போனது. கடைசியில் இன்வாய்ஸையே தூக்கிவிட்டார்கள். சரக்கு இறங்குமிடத்தில் இருப்பவர் ஆர்டரோடு சரிபார்த்து, 'வந்தது' என்று கணினியில் பதிந்தால் போதும். ஆள் தேவை 75 சதவீதம் குறைந்தது.

உங்கள் கோப்பு எங்கே தேங்குகிறது என்பதற்கு உங்கள் மென்பொருளிலேயே சாட்சி இருக்கிறது. கோப்பு எண், நடந்த வேலை, நேரம் ஆகிய மூன்றையும் பதிவிலிருந்து எடுங்கள். இதை வைத்துத்தான் ஆய்வாளர்கள் 'ப்ராசஸ் மைனிங்' செய்கிறார்கள், அதாவது வேலை உண்மையில் எப்படி நகர்கிறது என்று பதிவுகளிலிருந்து கண்டுபிடிக்கிறார்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் எக்செலிலேயே போட்டுப் பார்த்தேன். மொத்த வேலை நாற்பது நிமிடம். காத்திருப்பு எட்டு நாள். அதில் ஆறு நாள் ஒரே மேலாளரிடம். அவர் வெள்ளிக்கிழமை மட்டும்தான் ஒப்புதல் பக்கத்தைத் திறப்பாராம். அந்த மேலாளர் நான்தான்.