சுவிட்ச் மேல் பழி போடும் முன்

கேள்வி: என் இரண்டு கம்ப்யூட்டர்களும், நடுவில் அவற்றை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சும் ஜிகாபிட், அதாவது நொடிக்கு 1000 மெகாபிட். ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஃபைல் காப்பி செய்தால் நொடிக்கு 11 மெகாபைட்டைத் தாண்டுவதே இல்லை. சுவிட்சை மாற்றிவிடலாமா?

பதில்: பர்ஸை முதலில் உள்ளே வையுங்கள். காப்பி வேகத்தை வைத்து நெட்வொர்க்கை எடைபோடக் கூடாது. அனுப்புகிற டிஸ்க், வாங்குகிற டிஸ்க், சில சமயம் என்கிரிப்ஷன் என எல்லாருடைய சோம்பேறித்தனமும் அந்த ஒரே எண்ணுக்குள் இருக்கிறது. நெட்வொர்க்கை மட்டும் தனியாக அளக்க நான் நம்புவது ஐபெர்ஃப்3 என்ற மென்பொருள். இரண்டு கம்ப்யூட்டரிலும் அது இருக்க வேண்டும். அது டிஸ்க்கைத் தொடாமல் மெமரியிலிருந்தே டேட்டாவைத் தள்ளும்.

ஒரு கம்ப்யூட்டரின் டெர்மினலில் ஐபெர்ஃப்3 என்று அடித்து, இடம் விட்டு, ஹைஃபனும் சிறிய எஸ்ஸும் போடுங்கள். அது சர்வராகக் காத்திருக்கும். இன்னொன்றில் எஸ்ஸுக்குப் பதில் சிறிய சி போட்டு, பக்கத்தில் சர்வரின் ஐபி முகவரி. 10 நொடி ஓடி, நொடிக்கு ஒரு வரி காட்டிவிட்டுக் கடைசியில் சராசரி சொல்லும். இணைப்பே கிடைக்காவிட்டால் ஃபயர்வாலில் அது பயன்படுத்தும் 5201 போர்ட்டைத் திறந்துவிடுங்கள்.

ஜிகாபிட் லைன் ஒழுங்காக இருந்தால் 940 மெகாபிட் பக்கம் வரும். டேட்டா பாக்கெட் என்ற சின்னத் துண்டுகளாகத்தான் போகும்; மீதி வேகம் ஒவ்வொன்றின் தலையிலும் ஒட்டும் முகவரித் தகவல் (ஹெட்டர்) போன்றவற்றுக்குப் போய்விடுகிறது. 1000 ஏன் வரவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். 940 வந்தால் நெட்வொர்க் நிரபராதி, டிஸ்க்கைப் பிடியுங்கள்.

ஆனால் உங்களுக்கு 94 பக்கம்தான் வரும் என்பது என் ஊகம். ஒரு பைட்டுக்கு 8 பிட், எனவே 11 மெகாபைட்டை 8-ஆல் பெருக்கினால் 88 மெகாபிட். 100 மெகாபிட் லைனில் காப்பி செய்தால் ஏறக்குறைய இதுதான் கிடைக்கும். எங்கோ ஓர் இணைப்பு 100-க்கு இறங்கியிருக்கிறது. என் முதல் சந்தேகம் கேபிள். அதற்குள் நான்கு ஜோடிக் கம்பிகள். ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். மற்ற இரண்டு ஜோடியில் ஒரு கம்பி விட்டுப்போனால் லைன் அறுந்துவிடாது, பளிச்சென்று எச்சரிக்கையும் வராது. வேகம் மட்டும் சத்தமில்லாமல் இறங்கிவிடும். லினக்ஸ் என்றால் ஈத்டூல் என்று அடித்து, நெட்வொர்க் கார்டின் இன்டர்ஃபேஸ் பெயரைக் கொடுங்கள். ஸ்பீட் என்ற வரியில் குட்டு வெளிப்பட்டுவிடும். இரண்டு கம்ப்யூட்டரிலும் பாருங்கள். 100 காட்டுகிற பக்கத்துக் கேபிளை மாற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

அப்புறம், ஒரு திசையோடு நிறுத்தாதீர்கள். வழக்கமாக கிளையன்ட்தான் அனுப்பும். கிளையன்ட் கட்டளையில் ஹைஃபனும் பெரிய ஆரும் சேர்த்தால் சர்வர் அனுப்பும். ஒரு பக்கம் 940, மறுபக்கம் பாதி என்று வந்தால் லினக்ஸில், அனுப்புகிற கம்ப்யூட்டரின் திரையில் ‘ரெட்ர்’ என்ற நெடுவரிசையைக் கவனியுங்கள். தொலைந்துபோனதாக நினைத்துத் திரும்ப அனுப்பிய பாக்கெட்டுகளின் கணக்கு அது. நொடிக்கு நொடி அதில் எண் வந்துகொண்டே இருந்தால் அந்தத் திசையில் ஏதோ உதிர்கிறது.

கேள்வி: ஐபெர்ஃப்3-இல் யுடிபி (தொலைந்த பாக்கெட்டைத் திரும்ப அனுப்பாத முறை) சோதனை செய்தால் 1 மெகாபிட்தான் வருகிறது. லைன் கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. யுடிபிக்கு அது தானாக வைத்துக்கொள்ளும் வேகமே அவ்வளவுதான். ஹைஃபன், சிறிய பி போட்டு வேண்டிய வேகத்தைச் சொல்லுங்கள். கிடைக்கும் வேகத்தைவிட, தொலைந்த பாக்கெட் எத்தனை சதவீதம், ஜிட்டர் (பாக்கெட்டுகள் வந்துசேரும் நேரத்தில் ஏற்ற இறக்கம்) எவ்வளவு என்று பாருங்கள். வீடியோ கால் திக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த இரண்டு எண்களில்தான் இருக்கும்.