வாலிபப் பிள்ளையின் கையைத் திடப்படுத்துகிறவர் யார்?

கேள்வி: கோத்தகிரி அருகே தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் வசிக்கிறோம். பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் சென்ற ஆண்டு திடப்படுத்தல் (சபையின் முழு உறுப்பினராக ஏற்கும் ஆராதனை) பெற்று, முதல் நற்கருணை எடுத்தான். அதன் பிறகு வாலிபர் கூட்டத்துக்கே போவதில்லை. குடும்ப ஜெபத்தில் எழுந்து போய்விடுகிறான். எந்நேரமும் பள்ளி நண்பர்களோடுதான் இருக்கிறான். அவர்களிடமிருந்து அவனைப் பிரித்துவிடலாமா?
— ஒரு தாய்

பதில்: கர்த்தருக்குள் அன்பான சகோதரிக்கு, பிரிக்க வேண்டாம். பதினாறு வயதுப் பிள்ளையிடமிருந்து நண்பர்களைப் பறித்தால், அந்த இடத்தில் உங்கள் மேலுள்ள கோபம்தான் வந்து உட்காரும். அவர்கள் தீய பழக்கங்களுக்கு இழுப்பதாக நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். தாவீது ராஜாவின் மகன் அம்னோனுக்கு யோனதாப் என்றொரு சிநேகிதன் சொல்லிக்கொடுத்த தந்திரம் தாவீதின் குடும்பத்தையே எப்படிச் சிதைத்தது என்பதை 2 சாமுவேல் 13-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம்.

'திடப்படுத்தல்' என்கிறோமே, அந்தச் சொல் 1 சாமுவேல் 23:16-இலும் வருகிறது. தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவுக்குத் தப்பி, சீப் வனாந்தரத்துக் காட்டில் ஒளிந்திருந்த தாவீதை, அதே சவுலின் மகனாகிய யோனத்தான் தேடிப் போய், தேவனுக்குள் அவன் கையைத் திடப்படுத்தினான். ஏன் வரவில்லை என்று ஆளனுப்பிக் கேட்காமல், தானே காட்டுக்குள் நடந்து போனான். பேராயர் தலைமேல் கைவைத்து ஜெபித்த நாளுக்குப் பிறகு, உங்கள் மகனைத் தேடி அந்தக் குடியிருப்புக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதைச் சபையார்தான் சொல்ல வேண்டும்.

வாலிபர் கூட்டம் எத்தனை மணிக்கு முடிகிறது என்றும் பாருங்கள். நம் மலையில் இருட்டிவிட்டால் தோட்டப் பாதையில் காட்டெருமை நிற்கும், கரடி நிற்கும். கடைசிப் பேருந்தும் போய்விட்டால் வீடு சேர வழியில்லை. இதை வெளியே சொல்ல வெட்கப்பட்டே கூட்டத்தை விட்டுவிட்ட பிள்ளைகளை நான் அறிவேன். நேரத்தை முன்னதாக மாற்றும்படி ஆயரிடம் தயங்காமல் கேளுங்கள்.

எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, கேத்தியில், சபையில் எந்தப் பதவியும் இல்லாத ஒரு தேயிலைத் தொழிற்சாலைத் தொழிலாளி, சனிக்கிழமை வீட்டு ஜெபங்களுக்குப் போகையில் லாந்தர் பிடிக்க என்னை அழைத்துப் போவார். வழியில் கேரட் விலையையும் எனக்கு வராத கணக்கையும் பற்றித்தான் அதிகம் பேசுவோம். ஒரு நாள், நோயாய்க் கிடந்த ஒரு பாட்டியின் வீட்டு வாசலில், தோளில் கம்பளியைச் சரிசெய்துகொண்டே, "இன்றைக்கு நீ ஜெபம் பண்ணு, தம்பி" என்றார். மூன்று வாக்கியத்தில் எனக்கு வார்த்தை நின்றுபோயிற்று. அவர் பக்கத்திலிருந்து அழுத்தமாக "ஆமென்" என்றார். திரும்பும் வழியில் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமையும் என்னையே ஜெபிக்கச் சொன்னார்.

அப்படி ஒருவரை உங்கள் சபையில் தேடுங்கள். குறையற்றவராக இருக்க வேண்டியதில்லை. ஆசாரியனாகிய ஏலி தன் சொந்தப் பிள்ளைகளை அடக்கத் தவறியவர்தான். ஆனாலும் இரவில் தன்னைக் கூப்பிடும் குரல் கேட்டு, ஏலிதான் கூப்பிட்டார் என்று எண்ணிச் சிறுவன் சாமுவேல் மூன்றாம் முறை வந்து நின்றபோது, கூப்பிடுகிறவர் கர்த்தர் என்று அறிந்து, என்ன பதில் சொல்ல வேண்டுமென்று கற்றுக்கொடுத்து, அவனைத் திரும்பப் படுக்கைக்கு அனுப்பினார். தன் குரலுக்குப் பிள்ளையைப் பழக்காமல், தேவனுடைய குரலுக்குப் பழக்குகிறவரே நமக்கு வேண்டும். டிசம்பர் மாதக் குளிரில் கேரல் பாடப் போகும்போது உங்கள் மகனிடம் ஒரு பொறுப்பைக் கொடுக்கச் சொல்லுங்கள். அவன் நண்பர்கள் விரும்பினால் அவர்களும் கூட வரட்டும்.

கேள்வி: எனக்கு வயது 17. எங்கள் வாலிபர் கூட்டத்தை நடத்தும் அக்கா என் ஆவிக்குரிய வழிகாட்டி. "நாம் பேசுவதை வீட்டில் சொல்லாதே" என்கிறார். கீழ்ப்படிய வேண்டுமா?
— குன்னூர் வாசகி

பதில்: அன்பு மகளே, வேண்டாம். நீ நம்பிச் சொன்னதை ஊரில் பரப்பாமல் காப்பது அவருடைய கடமை. உன் வாயை வீட்டில் அடைப்பதற்கு அவருக்கு உரிமையில்லை. தீமோத்தேயுவைத் தன் குமாரனாகவே எண்ணிய பவுல், அவனுக்கு எழுதும்போது, அவனுடைய பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைவுகூருகிறார் (2 தீமோத்தேயு 1:5). இன்றே அம்மாவிடம் சொல், ஆயரம்மாவிடமும் பேசு. உன்னை அச்சுறுத்தும் எதுவும் இதில் இருந்தால், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.