முந்திரி ஒவ்வாத குழந்தையின் பெற்றோருக்கு உறவினர் எவ்வாறு துணைநிற்கலாம்?

கடலூரில் இருக்கும் உங்கள் தங்கை மகனுக்கு முந்திரி ஒவ்வாது, குடும்பத்தார் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பண்ருட்டி முந்திரி வீட்டுக்கு வீடு புழங்கும் மாவட்டத்தில், கேசரியிலிருந்து பருப்பைப் பொறுக்கிவிட்டுக் கொடுப்பது போதாது என்பதை உங்கள் தங்கை ஒவ்வொரு விசேஷத்திலும் தனியாக விளக்கிச் சலித்திருப்பார். முந்திரி வறுத்த நெய்க்கரண்டியைப் பாயசத்தில் விட்டாலே அவனுக்கு ஆகாமல் போகலாம். அந்த விளக்கத்தை இனி நீங்கள் ஏற்றுக்கொண்டு, சமையற்காரரிடம் முன்னதாகவே பேசி, அவனுக்குரியதைத் தனிப் பாத்திரத்தில் செய்யச் சொல்லுங்கள். பிஸ்தாவும் முந்திரியின் நெருங்கிய இனமே என்பதால் அதையும் தவிருங்கள். "கொஞ்சங்கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்" என்ற அறிவுரை மட்டும் (எங்கள் பாட்டியும் சொல்வார்) வேண்டவே வேண்டாம். மூச்சுத் திணறினால் ஒவ்வாமை மாத்திரையை நம்பிக் காத்திராமல், மருத்துவர் தந்துள்ள அட்ரினலின் ஊசியை அவர் கற்பித்தபடி தொடையில் போட்டு, உடனே 108-ஐ அழையுங்கள்.