பைக்குள் போன கடிதம்

அன்புள்ள ஐயா,

சமீபத்தில் வந்த அந்தக் காதல் நகைச்சுவைப் படத்தைப் பார்த்தேன். நாயகியை அவ்வளவு பிடித்திருந்தது. ஆனால் வெளியே வரும்போது ஏமாந்துபோன மாதிரி இருந்தது. “அந்தப் பெண்ணுக்காகவே பார்க்கலாமே” என்கிறாள் தோழி. நடிகையைப் பிடித்தால் படமும் பிடிக்க வேண்டாமா? குறை என்னிடமா?

கே.

அன்புள்ள கே.,

உங்களிடம் ஒரு குறையும் இல்லை. அவரைப் பிடித்ததால்தான் இவ்வளவு வருத்தம். அவரும் சுமாராக இருந்திருந்தால் மறுநாளே படத்தை மறந்திருப்பீர்கள்.

அந்த உணவகக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? வேறு ஊரில் வேலை கிடைத்த கடிதத்தோடு வந்து காத்திருக்கிறாள். நாயகன் வந்து உட்கார்ந்ததுமே தன் கதையை ஆரம்பித்துவிடுகிறான். அவள் கேட்டுக்கொண்டே கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுக்கிறாள். பாதியில் ஜிப் சிக்குகிறது. அதை அப்படியே விட்டுவிட்டு அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். வசனமே கிடையாது. சொல்லலாமா வேண்டாமா என்ற தவிப்பு முழுக்க அந்த விரல்களில் இருந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த ஷாட்டில் பாட்டு வந்துவிட்டது. பாட்டு முடிந்தபோது கடிதத்தையே படம் மறந்துவிட்டது.

நாயகியை எப்படியும் எல்லோருக்கும் பிடித்துவிடும் என்று தெரிந்ததும் அவள் பாத்திரத்தை எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். எனக்கு ஆறாத விஷயம் இதுதான். அவன் தப்பு செய்கிறான், ஓடுகிறான், திருந்துகிறான். அவள் சிரிக்கிறாள், கோபப்படுகிறாள், மன்னிக்கிறாள். அவளுக்கென்று ஒரு பிடிவாதம், ஒரு தப்பு, ஒரு திட்டம் எதுவும் இல்லை. இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்பது இந்த வகைப் படத்தில் முதல் காட்சியிலேயே தெரியும். அதற்கு முன் இரண்டு பேரும் சரிக்குச் சரி மல்லுக்கட்டுவதைப் பார்க்கத்தானே போகிறோம்?

1934-இல் ஃபிராங்க் காப்ரா எடுத்த ‘இட் ஹாப்பன்ட் ஒன் நைட்’ என்ற ஹாலிவுட் படம் கிடைத்தால் பாருங்கள். போகிற காரை நிறுத்தி லிஃப்ட் கேட்பது எப்படி என்று நாயகன் கிளார்க் கேபிள் பெரிய பாடம் நடத்துவார். கட்டைவிரலை விதவிதமாக நீட்டுவார். ஒரு கார்கூட நிற்காது. நாயகி கிளாடெட் கோல்பெர்ட் சாலையோரம் போய்ப் பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்குவார். கார் கிறீச்சென்று நிற்கும். அவருடைய அழகுக்கு அந்தக் காட்சியில் ஒரு வேலை இருக்கிறது, அவனுடைய ஜம்பத்தை ஒரே நொடியில் உடைத்துவிடுகிறது. படம், இயக்கம், நடிகர், நடிகை, திரைக்கதை என ஐந்து ஆஸ்கர் விருதுகளும் அந்தப் படத்துக்கே போயின. நடிகைக்குக் கிடைத்ததோடு திரைக்கதைக்கும் கிடைத்ததே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கெமிஸ்ட்ரி சரியில்லை என்று பலரும் நடிகர்கள் தலையில் பழியைப் போடுகிறார்கள். ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழுகிற மாதிரி எழுதினால்தானே கெமிஸ்ட்ரி வரும்? கடிதத்தை அவள் மேஜைமேல் வைத்திருந்தால் அவன் ஏதாவது பதில் சொல்லியே ஆகவேண்டும். அப்புறம் அது வேறு படம்.

உங்கள் தோழி சொல்வதும் சரிதான். சிக்கிய ஜிப்பை விட்டுவிட்டு அவர் சிரித்தாரே, அதற்காகவே அவருடைய அடுத்த படத்துக்கும் முதல் ஆளாகப் போவேன்.