வாக்குத்தத்த அட்டையும் மொட்டைக் கடிதமும்

கேள்வி: புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் இருந்த வேத வசனம், "உனக்கு விரோதமாய் உருவாக்கப்படும் எந்த ஆயுதமும் வாய்க்காதேபோம்." லஞ்சத்தில் பங்கு வாங்க மறுத்ததால் அந்த மாதமே என்மேல் மொட்டைக் கடிதம் போட்டார்கள். இப்போது மெமோ. "உங்க சாமி வந்து காப்பாத்தட்டும்" என்று கேலி வேறு. தேவன் என்னை நேசிப்பது உண்மையானால் இது ஏன்? ஒரேயொரு ஃபைலில் கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: அட்டையை இன்னொரு முறை வாசியுங்கள், சகோதரரே. ஆயுதம் உருவாக்கப்படாது என்று அதில் எங்கே இருக்கிறது? அதே ஏசாயா 54-ல் ஏழு வசனம் முன்னால், மலைகள் விலகினாலும் தம் கிருபை விலகாது என்கிறார் தேவன். மலை விலகுகிற நாளும் வரும் என்று தெரிந்தே சொன்ன வார்த்தை அது. முன்பின் வாசிக்காமல் அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொள்ளும் நம் சபைப் பழக்கத்தில் எனக்கு வருத்தம் உண்டு.

கையெழுத்துப் போடலாமா என்கிறீர்கள். யூதாவின் ராஜா எசேக்கியாவும் அப்படியொரு சமரசத்தைச் செய்து பார்த்தவர்தான். கி.மு. 701-ல் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவுக்குள் வந்தபோது, அவன் இருந்த லாகீஸ் என்ற யூதாவின் கோட்டைப் பட்டணத்துக்கு எசேக்கியா ஆள் அனுப்பிச் சமாதானம் பேசினார். 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன். ஆலயக் கதவுகளில் தாமே அடித்திருந்த பொன்தகட்டையும் உரித்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டவன் அடுத்து எருசலேமுக்கு அனுப்பியது படையை.

அந்தப் படையோடு வந்த அசீரிய அதிகாரி ரப்சாக்கே, ஜனங்களுக்குப் புரியாத சீரிய பாஷையில் பேசும்படி எசேக்கியாவின் அதிகாரிகள் கெஞ்சியும் கேட்கவில்லை. மதில்மேல் இருந்த ஜனங்களுக்குப் புரியட்டும் என்றே யூத பாஷையில் கத்தினான்: எந்த தேசத்துத் தெய்வம் எங்கள் கையிலிருந்து தன் ஜனத்தைத் தப்புவித்தது? உங்கள் அலுவலகத்துக் கேலியும் இதுதானே. அவன் நின்ற இடம், வண்ணார் துறை வழியிலுள்ள மேல்குளத்து வாய்க்கால். "விசுவாசியாவிட்டால் நிலைபெறமாட்டீர்கள்" என்று எசேக்கியாவின் தகப்பன் ஆகாசிடம் தீர்க்கதரிசி ஏசாயா சொன்னது அங்கேதான். தகப்பன் நம்பாமல் அசீரியனுக்கே காணிக்கை அனுப்பினார். மகனுக்கும் அதே வாய்க்கால் கரையில் அதே கேள்வி வந்து நின்றது.

ஜனங்கள் ஒரு வார்த்தையும் பதில் பேசவில்லை. பிறகு அசீரியரிடமிருந்து வந்த மிரட்டல் கடிதத்தை எசேக்கியா வாசித்தார். ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்தார். ஜெபத்தில் எதையும் மழுப்பவில்லை. அசீரியர் தேசங்களைப் பாழாக்கியது உண்மை என்றே சொன்னார்.

எருசலேம் தப்பியது. 46 அரணான பட்டணங்களைப் பிடித்தேன், எசேக்கியாவைக் கூண்டுப் பறவையைப்போல் அடைத்தேன் என்று சனகெரிப் தன் களிமண் சாசனத்தில் பெருமை பேசுகிறான். எருசலேமைப் பிடித்ததாக அவனால் எழுத முடியவில்லை. ஆனால் லாகீஸ் விழுந்தது. அதன் ஜனங்கள் மூட்டைமுடிச்சோடு நாடு கடத்தப்படுவதை அசீரியத் தலைநகர் நினிவேயின் அரண்மனைச் சுவரில் செதுக்கி வைத்தார்கள். அவர்களும் அதே தேவனுடைய ஜனங்கள். ஆகவே உங்களுக்கு இடமாற்றம் வராது என்று நான் எழுதமாட்டேன். அப்படி உறுதி சொல்கிறவரை நம்பவும் வேண்டாம். போகிற ஊருக்கும் அவர் கிருபை கூடவரும் என்று மட்டும் தைரியமாக எழுதுவேன்.

கையெழுத்துப் போடாதீர்கள். இன்றிரவு மெமோவை விரித்து வைத்து ஜெபியுங்கள். அதில் உண்மையாகவே உங்கள் தவறு ஏதாவது இருந்தால் அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். கெடு தேதிக்குள் எழுத்தில் பதில் கொடுத்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: ரப்சாக்கே பேசிய செய்தி வந்ததுமே எசேக்கியா ஏசாயாவுக்கு ஆள் அனுப்பினார். உங்கள் ஆயரிடம் இதைச் சொன்னீர்களா? கேள்வியில் அந்தப் பேச்சே இல்லையே.