எரிவாயுவுக்கு வரியை ஏற்றினால் போதுமா?

கேள்வி: இயற்கை எரிவாயுவைக் கைவிட அதன் மீது வரியை ஏற்றினால் போதாதா? யாராவது இதை உருப்படியாகச் செய்திருக்கிறார்களா?

பதில்: போதாது. எரிவாயுவை ஏன் கைவிட வேண்டும் என்பதற்கு முதலில் நெதர்லாந்தின் குரோனிங்கன் மாகாணத்தையே பாருங்கள். 1959-ல் அங்கே பிரம்மாண்டமான எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டது. வாயுவை எடுக்க எடுக்க நிலத்தடிப் பாறையில் அழுத்தம் குறைந்து, நிலம் அமுங்கி, 2012 ஆகஸ்டில் ஹுய்சிங்கே கிராமத்தில் 3.6 அளவில் நிலநடுக்கம் வந்தது. கேட்க சின்ன எண்தான், ஆனால் சுமார் 3 கிலோமீட்டர் ஆழத்திலேயே நடந்ததால் செங்கல் வீடுகள் விரிசல் விட்டன. அடுத்த வருடம் உற்பத்தியைக் குறைத்தார்களா? கூட்டினார்கள்! அரசுக்கு அவ்வளவு வருமானம். மக்களின் பாதுகாப்பைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள் என்று 2023-ல் நாடாளுமன்ற விசாரணைக் குழுவே சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் உற்பத்தி நின்றது, 2024-ல் சட்டம் போட்டு நிரந்தரமாக மூடினார்கள்.

சரி, வரிக்கு வருவோம். நெதர்லாந்தில் எரிவாயு மீதான வரியை ஏற்றி மின்சாரத்தின் மீது குறைத்தார்கள், 2018 ஜூலை முதல் புது வீடுகளுக்குப் பொதுவாக எரிவாயு இணைப்பு கிடையாது. நல்ல வழிதான். ஆனால் வாடகைக்கு இருப்பவர் என்ன செய்வார்? குளிருக்கு வீட்டை வெப்பமூட்டும் எரிவாயுக் கருவியை மாற்றும் முடிவு வீட்டு உரிமையாளர் கையில், பில் மட்டும் இவர் தலையில். அப்புறம், வசதியானவர்கள் இணைப்பைத் துண்டிக்கத் துண்டிக்க, குழாய்களின் பராமரிப்புச் செலவு மிச்சமிருக்கும் ஏழைகள் மீதுதான் விழும். ஆகவே வரிப்பணத்தில் ஒரு பங்கை முதலில் அவர்கள் வீடுகளை எரிவாயு தேவைப்படாதபடி மாற்றத்தான் ஒதுக்க வேண்டும்.